வட்டியா, வக்கடையா? மூளைக்கும் கணினிக்கும் நடுவே ஒரு படுவான்கரைக் குடும்பம்

நோயாளர் அறுபது வயதைத் தாண்டியவர். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் வயல் செய்தவர். பல போகங்கள் தன் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, வட்டவிதானையாக இருந்து, யாருக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று தீர்த்து வைத்தவர். மூளைத்தண்டில் ஏற்பட்ட பாரிசவாதத்துக்குப் பிறகு அவருக்குக் கையும் காலும் முகமும் நாக்கும் அசைவதில்லை. இமைகளும், கண்களை மேலும் கீழும் நகர்த்தும் ஆற்றலும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. காது நன்றாகக் கேட்கிறது. புத்தி பழையபடியே இருக்கிறது.

நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். இந்தக் குடும்பத்தோடு பழகியதை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அந்தச் சம்மதத்தையும் எழுத்தெழுத்தாகவே கேட்டு வாங்கினேன். அதற்கு ஏன் அத்தனை பாடு என்பது போகப் போகத் தெரியும். ஊரின் பெயரையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

மூளையையும் கணினியையும் இணைப்பது பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை மூளையின் மின் சமிக்ஞைகளைப் பிடிக்கும் மின்முனைகளைப் பற்றியவை. எத்தனை முனைகள், எவ்வளவு மெல்லிய இழைகள், எந்தச் செல்வந்தரின் நிறுவனம் என்ற வரிசையிலேயே அவை போகும். இந்த நிகழ்வில் மின்முனை ஒன்றுகூட உடலுக்குள் போகவில்லை. ஆனாலும் அந்த இணைப்பில் வரக்கூடிய மிகக் கடினமான சிக்கலை ஓர் அட்டைத் துண்டை வைத்துக்கொண்டே இவர்கள் சந்தித்துவிட்டார்கள்.

கண்டுகொண்டவர்

பாரிசவாதம் வந்த புதிதில் அவருக்கு நினைவில்லை என்றே எல்லோரும் நம்பினார்கள். கழுத்தில் துளையிட்ட குழாய், மூக்கில் உணவுக் குழாய், அசையாத உடல். கூப்பிட்டால் விரல்கூட அசையவில்லை. மூத்த மகள்தான் முதலில் சந்தேகப்பட்டவர். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒருவர் உன்னிச்சைக் குளத்தில் நீர்மட்டம் இறங்கியதைப் பற்றிப் பேசியபோது தகப்பனின் கண் மேலே போனதாம். மறுபடியும் குளத்தைப் பற்றிப் பேச வைத்துப் பார்த்தார். மறுபடியும் போனது. தாதியிடம் சொன்னார், அது தானாக வரும் அசைவு என்று பதில் கிடைத்தது. மகள் விடவில்லை. “அப்பா, நான் சொல்வது கேட்டால் மேலே பாருங்கள்.” பார்த்தார்.

இது இந்தக் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. உடலுக்குள் பூட்டப்பட்ட இந்த நிலைக்கு 1966ஆம் ஆண்டிலேயே மருத்துவத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். இருந்தும் பிரான்சிலும் பிற நாடுகளிலும் இப்படிப்பட்டவர்களைப் பற்றித் திரட்டிய பதிவுகளில், சுயநினைவு இருப்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் பாதிக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் வீட்டாரே.

காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பொன்ஸின் முன்புறம் வழியாகத்தான் அசைவுக்கான கட்டளைகள் எல்லாம் கீழே இறங்குகின்றன. அதற்கு இரத்தம் கொண்டுபோகும், மூளையின் அடிப்புற நாடி அடைபட்டால் கட்டளைகள் அங்கேயே நின்றுவிடும். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும் நரம்பு மையமும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதுவும் போய்விடும். மேலும் கீழும் பார்ப்பதற்கான மையம் சற்று மேலே, நடுமூளையில் இருப்பதால் தப்பிக்கிறது. விழிப்புக்கும் சிந்தனைக்கும் உரிய பகுதிகளுக்குச் சேதமில்லை. ஆகவே கையைப் பிடித்து “அமுக்குங்கள்” என்று சொல்லிப் பரிசோதிப்பவருக்கு இவர் மயக்கத்தில் கிடப்பவராகவே தெரிவார்.

பார்க்க வந்த உறவினர்கள் சிலர், இப்படிக் கிடப்பதைவிடப் போய்ச் சேர்வது நல்லது என்று கட்டிலருகிலேயே சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் இதே நிலையில் இருந்த 65 பேரிடம் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் 18 பேர் இல்லை என்றும் சொன்னார்கள். பதில் சொல்ல வசதி வாய்த்தவர்களின் கணக்கு இது என்பதை மறக்கக்கூடாது. ஆனால் ஆளைக் கேட்காமல் நாமாக முடிவுகட்டுவது எவ்வளவு தவறாகலாம் என்பதற்கு இது போதும்.

பேரனின் கேள்வி

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, உயர்தரம் படிக்கும் பேரன் என்னிடம் போனை நீட்டினான். நியூராலிங்க் நிறுவனத்தின் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. “மிஸ், அம்மப்பாவுக்கு இதை வைத்தால் பேசுவாரா?”

அவன் மனதில் இருந்த படம் புனைகதையிலிருந்து வந்தது. தலையில் ஒன்றைப் பொருத்தினால் நினைப்பது அப்படியே வெளியே வரும், வெளியே இருக்கும் அறிவு உள்ளே போகும். இந்தப் படத்தை உலகத்துக்கு வரைந்து காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டிலேயே குடியிருந்தார். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவர். கடலடியில் சுழியோடுவதற்காகத் திருகோணமலைக்கும் வந்து போனவர். 1997இல் அவர் எழுதிய ‘3001’ நாவலில் எல்லோரும் மூளைத்தொப்பி ஒன்றை அணிகிறார்கள். அது பொருந்துவதற்காகத் தலையை மழித்துக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை. கிளார்க்குக்கு இளம்பிள்ளைவாதத்தின் பின்விளைவுகள் இருந்தன, கடைசிக் காலத்தைச் சக்கர நாற்காலியில்தான் கழித்தார். அந்தத் தொப்பியைக் கற்பனை செய்தவர் உடல் ஒத்துழைக்காதது எப்படிப்பட்டது என்று அறிந்தவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அவருடைய கதையில் தொப்பிக்கும் மனிதனுக்கும் நடுவே மொழி ஒரு தடையாக நிற்பதில்லை.

பேரனுக்கு நான் விளக்கியது இதுதான். அவன் காட்டிய காணொளியில் இருக்கும் இளைஞருக்குக் கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை, ஆனால் வாய் நன்றாகப் பேசுகிறது. 2024 ஜனவரியில் அவர் மூளையில் 64 இழைகளில் 1,024 மின்முனைகளை வைத்தார்கள். கணினியின் சுட்டியை அவர் நினைப்பால் நகர்த்துகிறார். சில வாரங்களில் பல இழைகள் இடம் நழுவிவிட்டன, மென்பொருளை மாற்றி எழுதித்தான் சமாளித்தார்கள். இதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 2004இல், அமெரிக்காவில் மேத்யூ நேகல் என்பவர் 4 மில்லிமீட்டர் சதுரத் தகட்டில் இருந்த 96 மின்முனைகள் வழியாக இதையே செய்தார். அம்மப்பாவின் நிலைக்குப் பொருத்தமானது வேறொரு கிளை: பேச முயலும்போது மூளையில் எழும் சமிக்ஞையைச் சொல்லாக மாற்றுவது. அது ஆங்கிலத்தில் வியக்கத்தக்க அளவுக்கு வந்துவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

“இங்கே எப்போது வரும்?” என்று கேட்டான். வாய்க்கு வந்த ஒரு காலத்தைச் சொல்லி ஆறுதல்படுத்த எனக்கு விருப்பமில்லை. இப்போது கையில் இருப்பதை வைத்துத் தொடங்குவோம் என்றேன்.

தலையில் எண்ணெய்

அறுவைச் சிகிச்சை இல்லாத வழியும் உண்டு. ஹான்ஸ் பெர்கர் 1924இல் ஜெர்மனியில் மனித மூளையின் மின்னலைகளை மண்டைக்கு வெளியே இருந்தே பதிவுசெய்தார். 1988இல் ஃபார்வெல், டான்சின் என்ற இருவர் அதை எழுதும் கருவியாக்கினார்கள். திரையில் ஆறுக்கு ஆறு கட்டங்களில் எழுத்துகள் இருக்கும், வரிசைகள் மாறி மாறி ஒளிரும். நாம் விரும்பும் எழுத்து ஒளிரும்போது ஏறத்தாழ 300 மில்லிவிநாடி கழித்து மூளையில் ஒரு சிறு அலை எழும். கணினி அதைப் பிடித்துக்கொள்ளும்.

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் செயற்திட்டத்துக்காக வைத்திருந்த தலைப்பட்டியைக் கொண்டுவந்தார். கச்சான் காற்று வீசும் காலம், வெயில் கொளுத்தியது. முதல் தடை அம்மாவின் தேங்காயெண்ணெய். கணவருக்குத் தினமும் தலையில் எண்ணெய் வைத்து வாருவது அவர் விடாமல் செய்துவந்த பணிவிடை. எண்ணெய் இருந்தால் மின்முனை தோலைத் தொடாது என்று மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா முகம் வாடினாலும் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டார். அடுத்தது மின்விசிறி. தேடும் அலை சில மைக்ரோவோல்ட்தான். சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 தடவை துடிக்கிறது, அந்தத் துடிப்பு பதிவில் ஏறிவிடுகிறது. விசிறியையும் காற்று மெத்தையின் மோட்டாரையும் நிறுத்தினோம். வியர்த்தது. வியர்வை வழிந்தால் அலைக்கோடு முழுவதும் மெல்ல மெல்ல மேலும் கீழும் மிதக்கத் தொடங்கும்.

இவை எல்லாவற்றையும் சமாளித்திருக்கலாம். சமாளிக்க முடியாமல் போனது வேறொன்று. ஒளிரும் கட்டத்தைக் கண்ணால் நேரே பார்க்க முடிந்தவருக்குத்தான் இந்தக் கருவி நன்றாக வேலை செய்யும். இவருக்குக் கண் பக்கவாட்டில் திரும்பாது. நடுவில் இருக்கும் எழுத்துகள் கொஞ்சம் அகப்பட்டன, ஓரத்தில் இருப்பவை அகப்படவே இல்லை. மகள் கையால் எழுதி வைத்திருந்த அட்டை இதைவிட விரைவாக இருந்தது. மாணவர் மனம் தளராமல் தன் அறிக்கைக்கு வேண்டியதைக் குறித்துக்கொண்டு போனார். அந்த ஆறுக்கு ஆறு என்ற அமைப்பு மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

36 கட்டங்கள்

தமிழுக்கு 247 எழுத்துகள் என்று சொல்லி மலைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். உயிர் 12, அவற்றை ஆறு ஆறாக வைத்தால் இரண்டு வரிகள். வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு, மூன்று வரிகள். கடைசி வரியில் ஆய்தம் போக ஐந்து கட்டங்கள் மிஞ்சும். அவற்றில் ‘தவறு’, ‘சொல் முடிந்தது’, ‘வலி’, ‘சளி எடு’ என்று எழுதினோம், ஒன்றைக் காலியாக விட்டோம். ஆங்கிலத்துக்காக வகுத்த கட்டத்தில் நம் பள்ளிக்கூடப் பாடம் அச்சாகப் போய் உட்கார்ந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கும் வல்லினம் எது, இடையினம் எது என்று மனப்பாடம்.

வாசிப்பவர் வரிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். வேண்டிய வரி வந்ததும் அவர் மேலே பார்ப்பார். பிறகு அந்த வரியின் எழுத்துகளைச் சொல்ல, மறுபடி மேலே பார்ப்பார். புள்ளி வைக்கத் தேவையில்லை. மெய்க்குப் பின்னால் உயிர் வந்தால் சேரும், வராவிட்டால் மெய்யாகவே நிற்கும். ‘தண்ணீர்’ என்பதற்கு த், அ, ண், ண், ஈ, ர் என ஆறு தெரிவுகள், பன்னிரண்டு பார்வைகள். பொறுமை வேண்டும், ஆனால் சொல் சரியாக வரும்.

ஆரம்பத்தில் இருந்த குறை ஒன்று இங்கே முக்கியம். மேலே பார்த்தால் ‘ஆம்’. பார்க்காவிட்டால் ‘இல்லை’. களைத்துப் போனாலும் கண் அசையாது, தூங்கினாலும் அசையாது. மறுப்பதற்கென்று தனியாக ஒரு சைகை இருக்கவில்லை.

அந்த மழை இரவு

மாரி தொடங்கி, பெரும்போகத்துக்கு விதைத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மருமகன் விதைத்திருந்தார். பொழுதுபட்ட பிறகு கூரைத் தகட்டில் மழை கொட்டத் தொடங்கியது. அவர் கண் ஓயாமல் மேலே போய்க்கொண்டிருந்ததைப் பார்த்த மகள் அட்டையை எடுத்தார்.

இடையினம், வ். உயிர் முதல் வரி, அ. அடுத்து வல்லினம் என்று சொன்னதும் கண் மேலே போனது. மகளுக்குப் பொறி தட்டியது. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் நகையை அடகு வைத்திருந்தார்கள், தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. “வட்டியா அப்பா? அடகு வட்டியா?”

கண் மேலே போனது.

அன்றிரவு முழுவதும் வீட்டில் வட்டிப் பேச்சுத்தான். அம்மா தகரப் பெட்டியைத் திறந்து அடகுச் சீட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்துத் திகதியைக் காட்டினார். “நான் பார்த்துக்கொள்கிறேன் மாமா” என்றார் மருமகன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதியாகிவிட்டார் என்று எல்லோரும் படுத்துவிட்டார்கள்.

விடிந்ததும் மறுபடியும் அதே எழுத்துகள். இந்தத் தடவை அம்மா வாசித்தார். அவருக்கு ஊகிக்கத் தெரியாது, எழுத்தெழுத்தாகவே போவார். வ், அ, க், க், அ, ட், ஐ.

வக்கடை. வரம்பில் தண்ணீர் போகவும் வரவும் வெட்டி வைக்கும் வாய். முளை கட்டிய விதையின் மேல் மழைநீர் தேங்கினால் அழுகிவிடும், இரவோடிரவாக வக்கடையைத் திறந்துவிட வேண்டும். கூரையில் விழுந்த மழையின் சத்தத்தைக் கேட்டே அவர் வயலைக் கணக்குப் பார்த்திருக்கிறார். மருமகன் ஓடினார். மேட்டு வயல் தப்பியது. பள்ளத்தில் விதை போய்விட்டது, திரும்ப விதைத்தார்கள்.

நான் போனபோது மகள் அழுதுகொண்டிருந்தார். அவருக்கு விளங்காத ஒன்றுதான் எனக்கும் முதலில் விளங்கவில்லை. வட்டி இல்லையென்றால் ஏன் மேலே பார்த்தார்? அதையே அவரிடம் கேட்டோம். க், அ, ள், ஐ, ப், ப், உ.

களைப்பு. ஊகம் தவறு என்று காட்ட அவர் கண்ணை அசைக்காமல் இருக்க வேண்டும். மகள் இன்னொரு ஊகம் சொல்வார், அதற்கும் அசைக்காமல் இருக்க வேண்டும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒப்புக்கொள்வதற்கு ஒரு பார்வை போதும்.

கத்தரிக்காய்

இது ஒரு தடவை நேர்ந்த விபத்தா, வழக்கமா என்று அறிய ஒரு சோதனை செய்தோம். சோதனை என்னுடைய கண்டுபிடிப்பல்ல. பெல்ஜியத்தில் 23 ஆண்டுகள் சுயநினைவின்றிக் கிடந்ததாகக் கருதப்பட்ட ஒருவர் பேசத் தொடங்கிவிட்டார் என்று 2009இல் உலகம் முழுவதும் செய்தி வந்தது. உதவியாளர் ஒருவர் அவர் விரலைப் பிடித்துத் தட்டச்சுச் செய்தார், உருக்கமான வாக்கியங்கள் வந்தன. பிறகு உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு நோயாளருக்கு மட்டும் பொருள்களைக் காட்டி, திரும்ப அழைத்துக் கேட்டார்கள். ஒன்றும் சரியாக வரவில்லை. பேசியவர் உதவியாளரே. அவர் வேண்டுமென்று ஏமாற்றியவர் அல்லர், தான் விரலை நகர்த்துவது அவருக்கே தெரியவில்லை.

நாங்களும் மகளை வெளியே நிற்க வைத்துவிட்டு அவருக்குப் பொருள்களைக் காட்டினோம். தேசிக்காய் காட்டினோம், தேசிக்காய் என்றே வந்தது. திறப்புக் காட்டினோம், த், இ, ற் வரும்போதே மகள் “திறப்பு” என்றார், சரி. உள்ளே இருப்பவர் அவர்தான் என்பதில் இனி யாருக்கும் ஐயமில்லை. அடுத்து அம்மா சமையலறையிலிருந்து ஒரு கத்தரிக்காயைக் கொண்டுவந்து காட்டினார். மகள் உள்ளே வந்தார். க், அ, த். “கத்தியா அப்பா?”

கண் மேலே போனது.

அறையில் யாரும் பேசவில்லை. மகள் எங்கள் முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டார். கண் முன்னே காட்டிய பொருளையே விட்டுக்கொடுக்கிறார் என்றால், மனதில் மட்டும் இருப்பதை எத்தனை தடவை விட்டுக்கொடுத்திருப்பார்?

அன்றே முறையை மாற்றினோம். இரண்டு தடவை இமைத்தால் ‘இல்லை’ என்று மறுப்புக்குத் தனிச் சைகை வந்தது. ஊகம் சொல்வதானால் ஒன்றைச் சொல்லக்கூடாது, இரண்டைச் சொல்லி ‘இரண்டும் இல்லை’ என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மூன்றில் எதைத் தெரிவதற்கும் ஒரே பார்வை. மறுத்தாலும் சொல் முதலிலிருந்து தொடங்காது, நின்ற எழுத்திலிருந்தே தொடரும். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் ஒரே விலைக்கு வந்தன. அதன் பிறகு அவர் மறுக்கத் தொடங்கினார். நிறையவே மறுத்தார். மகளுக்கு அது முதலில் கொஞ்சம் வலித்தது.

ஊகிப்பவர் யார்

ஆங்கிலத்தில் வியக்கத்தக்க அளவுக்கு வந்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா? 2021இல் மூளைத்தண்டுப் பாரிசவாதம் வந்த ஒருவர் கலிபோர்னியாவில் 50 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மூளைச் சமிக்ஞையால் வாக்கியங்கள் சொன்னார். 2023இல் ஸ்டான்போர்ட் குழு நிமிடத்துக்கு 62 சொற்களையும், சான் பிரான்சிஸ்கோ குழு 78 சொற்களையும் எட்டின. 2024இல் டேவிஸ் நகரக் குழு 256 மின்முனைகளை வைத்து, நரம்புச் சிதைவு நோயால் பேச்சிழந்த ஒருவரின் சொற்களை 97 விழுக்காட்டுக்கு மேல் சரியாக எடுத்தது.

இவற்றின் உள்ளே நடப்பது நம் அட்டையில் நடப்பதுதான். ஸ்டான்போர்ட், டேவிஸ் முறைகளில் மூளையிலிருந்து முழுச் சொல் வருவதில்லை. ஆங்கிலத்தின் 39 ஒலியன்களில், அதாவது சொற்களை ஆக்கும் அடிப்படை ஒலிகளில், இந்தக் கணத்தில் எது எவ்வளவு சாத்தியம் என்ற மங்கலான கணக்குத்தான் வருகிறது. அதை எடுத்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்று பெருந்தொகை நூல்களிலிருந்து கற்றுக்கொண்ட மொழி மாதிரி ஒன்று வாக்கியத்தை ஊகிக்கிறது. வல்லின வரி தெரிந்தவுடன் வட்டி என்று சொன்ன மகளின் வேலையை அங்கே அந்த மாதிரி செய்கிறது. அது இல்லாவிட்டால் அந்த வேகங்கள் இல்லை. ஸ்டான்போர்ட் முறையில் 50 சொற்களுக்குள் நின்றால் பத்துக்கு ஒன்று பிழை. 1,25,000 சொற்களைத் திறந்துவிட்டால் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று பிழையாகியது.

புனைகதைகள் அஞ்சுகிற இணைப்பு, இயந்திரம் மனிதனின் விருப்பத்தை விழுங்கிவிடுவது. நான் பார்த்தவரையில் ஆபத்து அவ்வளவு சத்தத்தோடு வருவதில்லை. “இதைத்தானே சொல்ல வந்தாய்?” என்று ஒருவர் அன்போடு கேட்கும் இடத்தில், ஆமாம் என்பது சுலபமாகவும் இல்லை என்பது கடினமாகவும் இருந்தால் போதும், ஒருவருடைய சொல் இன்னொருவருடையதாகிவிடும். கேட்பவர் மகளாக இருந்தாலும் மென்பொருளாக இருந்தாலும் கணக்கு ஒன்றே.

ஊகமே கூடாது என்பதல்ல என் கட்சி. ஊகிப்பவருக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டீபன் ஹோக்கிங் கன்னத் தசை ஒன்றின் அசைவால் எழுதியபோது, அவருக்காகச் செய்த ஊக மென்பொருளை அவருடைய நூல்களையும் உரைகளையும் கொடுத்தே பயிற்றினார்கள். நம்மவருக்கு நூல்கள் இல்லை. ஆகவே பேரனைப் பிடித்துச் சொற்பட்டியல் எழுத வைத்தோம்: வட்டை, வக்கடை, வரம்பு, சூடு, பொலி, களவெட்டி, முல்லைக்காரன், அணைக்கட்டு, மாட்டின் பெயர்கள், அயல் வயல்காரர்களின் பட்டப்பெயர்கள். அம்மா சொல்லச் சொல்ல அப்பியாசக் கொப்பி நிறைந்தது. செய்தித்தாள் தமிழைப் படித்து வளர்ந்த எந்த மென்பொருளும் இந்தச் சொற்களை முதலில் நீட்டாது. வங்கியும் வட்டியும்தான் முதலில் வரும். நாளை மூளைக்குள் வைக்கும் கருவி மலிவாகி இங்கே வந்தாலும், படுவான்கரைப் பேச்சு அதன் ஊகிப்பானுக்குள் இல்லையென்றால் அது இந்த மனிதரை வேறு யாரோவாகத்தான் பேச வைக்கும்.

ஆனால் சோதிக்காமல் நம்பவும் கூடாது. முற்றாக அசைவிழந்தவர்களிடமிருந்து மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்து ‘ஆம், இல்லை’ பெற்றுவிட்டதாக 2017இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. இன்னோர் ஆய்வாளர் அதே தரவைத் திரும்பக் கணக்கிட்டபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 2019இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பங்கள் எந்த ‘ஆம்’களை நம்பி எதைச் செய்தார்களோ என்றுதான் என் மனம் போகிறது. 2022இல் அதே துறையில், மூளைக்குள் வைத்த மின்முனைகளோடு ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஓர் எழுத்து என்ற வேகத்தில் எழுத்துக்கூட்டினார். சூப் கேட்டார், நான்கு வயது மகனைப் பற்றிச் சொன்னார். ‘ஆம், இல்லை’க்கும் எழுத்துக்கூட்டுவதற்கும் உள்ள தூரம் எங்களுக்கு அடுத்து வந்த காணிப் பிரச்சினையில்தான் முழுமையாக விளங்கியது.

காணி உறுதி

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். இவருக்கு இரண்டு மகள்கள். இளையவருக்குக் கல்யாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. பள்ள வயலைத் தன் மனைவி பெயருக்கு எழுதிவிடலாம் என்று மருமகன் சொன்னார். கெட்டவர் அல்லர். போகம் போகமாக அந்த வயலில் பாடுபடுபவர் அவர்தான், வங்கிக் கடன் எடுக்க உறுதி தேவைப்பட்டது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கையில் காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்கக் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். நொத்தாரிசு ஐயா வீட்டுக்கே வந்தார். வயதானவர், நிதானமானவர். “கைநாட்டு வைப்பிப்பது பெரிய காரியமல்ல. அது இவருடைய விருப்பம் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

மருமகனும் மகளும் அறையில் இருக்கும்போதே கேட்டுப் பார்த்தோம். “ஐயா, பள்ள வயலை இப்போது எழுத விருப்பமா?” கண் மேலே போனது. சற்று நேரம் வேறு பேசிவிட்டு, “ஐயா, வயலை இப்போது எழுதாமல் விடுவதுதான் விருப்பமா?” அதற்கும் கண் மேலே போனது.

நொத்தாரிசு பேனாவை மூடிவிட்டார்.

மகளே வாசிப்பவராகவும் மகளே பயன்பெறுபவராகவும் இருக்க முடியாது என்று நான் சொன்னபோது அவர் முகம் கறுத்தது. பிறகு அவரே எழுந்து அட்டையை என் கையில் தந்துவிட்டுக் கணவரையும் அழைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். இளைய மகளும் அம்மாவும் போனார்கள். அயல்வீட்டு ஆசிரியை ஒருவர் எழுதிக்கொள்ள உட்கார்ந்தார். ஊகம் கிடையாது, ‘ஆம், இல்லை’க் கேள்வியும் கிடையாது. “வயலைப் பற்றி என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டோம்.

ப், ஓ, க், அ, ம். சொல் முடிந்தது. ம், உ, ட், இ, ய், அ, ட், ட், உ, ம்.

போகம் முடியட்டும்.

நாங்கள் தயாரித்து வைத்திருந்த எந்தக் கேள்விக்குள்ளும் இந்தப் பதில் இருக்கவில்லை. எழுதவும் மாட்டேன், எழுதாமலும் விட மாட்டேன், அறுவடையைப் பார்த்த பிறகு பேசலாம் என்கிறார். நொத்தாரிசு சிரித்துவிட்டார். “இது வட்டவிதானையின் பேச்சுத்தான்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் புறப்பட்டார்.

அறுவடைக்குப் பிறகு அவரே பேச்சை எடுத்தார். மேட்டு வயல் இளையவளுக்கு, பள்ள வயல் மூத்தவளுக்கு, அம்மா இருக்கும்வரை இரண்டிலும் குத்தகை நெல் அம்மாவுக்கு. இவ்வளவையும் எழுத்துக்கூட்டப் பல நாள் மாலைகள் எடுத்தன. நெல் எத்தனை மூடை என்பதில் மருமகனுக்கும் அவருக்கும் இன்னும் இணக்கம் இல்லை, ஆகவே உறுதி இன்னும் எழுதப்படவில்லை. காலியாக விட்டிருந்த கட்டத்துக்கு அவரே சொல் தந்தார்: ‘கதை’. அதைத் தெரிந்துவிட்டுத் தொடங்கினால் மகள் விருப்பம்போல் ஊகிக்கலாம், தவறினாலும் பரவாயில்லை. அதைத் தெரியாமல் தொடங்கினால் எழுத்தெழுத்தாகவே வாசிக்க வேண்டும். இமையசைவைப் பிடிக்கும் ஒரு சிறு உணரியை மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தி, அட்டையைப் போனுக்கு மாற்றப் பேரன் முயன்றுகொண்டிருக்கிறான். இந்த இரண்டு வழிகளையும் அதிலும் வைக்கச் சொல்லியிருக்கிறோம். மின்வெட்டு நேரத்துக்கு அட்டை இருக்கிறது.